மாடி அறை லேன் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மாடி அறைக்கு இழுத்த லேன் கேபிளில் நெட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து அறுந்து வருகிறது. ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து சின்ன கேபிள் போட்டால் அதே லேப்டாப்பில் ஒரு பிரச்சினையும் இல்லை. போர்ட்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் கோளாறு அந்த 20 மீட்டர் கேபிளில்தான்.

அறுந்து திரும்பும்போது வேகம் 1000லிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுகிறது. 1000க்கு கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நாலே போதும்; அதனால் ஏதோ ஒரு கம்பி சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். மாடி முனையில் பிளக்கின் கிளிப் உடைந்திருக்கிறது, லேசாகத் தொட்டாலே பச்சை விளக்கு அணைகிறது. அப்புறம், அதே பைப்பில் கரண்ட் ஒயரும் போகிறது.

புது ஆர்ஜே45 முனை (கேபிள் நுனியில் இருக்கும் பிளக்) கிரிம்ப் செய்தால், அதாவது கருவியால் அழுத்திப் பொருத்தினால் போதுமா, வேறு பைப்பில் புதுக் கேபிளே இழுக்க வேண்டுமா? திங்கட்கிழமை மகளுக்கு ஆன்லைன் தேர்வு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.