சேர்ந்து வாசித்தால் திக்கு ஏன் மறைகிறது?

பேச்சுப்பயிற்சி மாணவி: திக்குவாய் உள்ளவர் தனியாக வாசித்தால் முதல் அசையிலேயே நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் அதே பத்தியைக் கூடவே வாசித்தால் தடையின்றி ஓடுகிறது. நாக்கும் உதடும் அதேதானே? மூளையின் வலப்பக்கம் மிகையாக வேலை செய்வதுதான் கோளாறு என்கிறார்களே, சரியா?

நரம்பியல்_வாசகர்: அந்த எண்ணத்துக்கு வேர் 1996இல் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு செய்த பெட் ஸ்கேன் (மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் படம்) ஆய்வு. தனியாக வாசித்தபோது வலப்பக்க இயக்கப் பகுதிகள் ஓங்கின. ஒலியைக் கேட்டறியும் இடப்பக்கப் பகுதி அடங்கிக் கிடந்தது. சேர்ந்து வாசித்ததும் இந்த வேறுபாடு பெரிதும் குறைந்தது.

ஆனால் அதில் பார்த்த பெரியவர்கள் பல ஆண்டுகள் திக்கோடு போராடியவர்கள். அவர்களின் ஸ்கேனில் மூலக்காரணத்தையும் மூளை பழகிக்கொண்ட ஈடுகட்டலையும் பிரிக்க முடியாது. 2008இல் வேறொரு குழு திக்கு உள்ள 9 முதல் 12 வயதுச் சிறுவர்களை ஸ்கேன் செய்து பார்த்தது. மூளைப் பகுதிகளை இணைக்கும் இடப்பக்க நரம்பிழைக் கட்டுகளில் குறை அப்போதே இருந்தது. பெரியவர்களிடம் காணும் வலப்பக்கப் பெருக்கம் இல்லை. வலப்பக்கம் பின்னால் வந்து சேர்ந்தது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தெரபிஸ்ட்: 'கூடவே வாசித்தால் ஏன்' என்பதற்கு வலுவான கருதுகோள் ஒன்று உண்டு. அடுத்த அசையை எப்போது தொடங்குவது என்ற சைகையை பேசல் கேங்லியா (மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதி) உள்ளிருந்து தர வேண்டும், அது தடுமாறுகிறது. வெளியிலிருந்து தாளம் கிடைத்தால் சிறுமூளை வழியாக வேறு பாதை வேலையை ஏற்கிறது. பேசல் கேங்லியாவில் செயல்படும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் ஹாலோபெரிடால் மருந்து சிலருக்குத் திக்கைக் குறைப்பதும் இதோடு பொருந்துகிறது. பக்கவிளைவு கடுமையானது, அதனால் அதை யாரும் முதலில் எடுப்பதில்லை.

செய்து பாருங்கள்: சீராகத் தட்டும் தாளக்கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 90 தட்டில் வையுங்கள், ஒரு தட்டுக்கு ஓர் அசை: 'வ-ணக்-கம்'. தட்டுக்கு முந்தாமல், தட்டோடு தொடங்கச் சொல்லுங்கள். முந்தினால் தாளம் வெறும் பின்னணிச் சத்தமாகிவிடும்.

மாணவி: சொந்தக் குரலைத் தாமதித்துக் கேட்க வைக்கும் கருவியும் இப்படித்தானா?

தெரபிஸ்ட்: ஓரளவு. 50–75 மில்லிநொடி போதும். 200க்குப் போனால் திக்காதவரே தடுமாறுவார். எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்காது. கருவியைக் கழற்றியதும் பலருக்குத் திக்கு திரும்பிவிடும். தாளப்பேச்சும் இயந்திரத்தனமாக ஒலிக்கும். ஆகவே இவற்றை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மென்மையாகத் தொடங்கும் பயிற்சியையும், தொலைபேசி, கடை என்று உண்மையான இடங்களில் பேசுவதையும் உடன் சேருங்கள்.