ஃபைபர் படகின் பளபளப்பான வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் விழுந்த கீறல்களைப் போக்குவது எப்படி?

கேள்வி:
என் ஃபைபர் படகைத் துறையில் அணைக்கும்போது பக்கவாட்டில் பல கீறல்கள் விழுந்துள்ளன. பெரும்பாலானவை மேலோட்டமானவை, ஒன்றிரண்டில் மட்டும் நகம் சிக்குகிறது. பளபளப்பும் போய், தொட்டால் விரலில் வெண்பொடி ஒட்டுகிறது. உப்புத்தாளால் தேய்க்க வேண்டுமா, பாலிஷ் மட்டும் போதுமா?

மறுமொழி 1:
வெண்பொடி, வெயிலில் ஜெல்கோட் ஆக்சிஜனேற்றம் அடைந்ததன் அடையாளம். அதற்கு ரப்பிங் காம்பவுண்டே (தேய்த்து மெருகேற்றும் பசை) பெரும்பாலும் போதும். முதலில் சோப்பு நீரில் கழுவி, பழைய மெழுகை முழுவதும் நீக்கிவிடுங்கள். மேலோட்டக் கீறல்களுக்கு 1000 எண் வாட்டர் பேப்பரில் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட நைசாகும்) தொடங்கி 1500, 2000 என ஏறிச் செல்லுங்கள். பரப்பை எப்போதும் ஈரமாக வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கோடுகள் மறைந்துவிட்டனவா என்பது தெளிவாகத் தெரியும்.

மறுமொழி 2:
நகம் சிக்கும் கீறலைத் தேய்த்தே போக்க முயல வேண்டாம். ஜெல்கோட்டின் தடிமன் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவே என்பதால், கண்ணாடியிழை வெளிப்பட்டுவிடும். கீறலைச் சற்று அகலப்படுத்தி, அசிட்டோனால் துடைத்து, ஹார்டனர் (இறுகச் செய்யும் பொருள்) கலந்த ஜெல்கோட் பசையைச் சிறிது மேடாக நிரப்புங்கள். காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஆகவே மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி, நன்றாக இறுகிய பிறகே தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

மறுமொழி 3:
காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும்போது பஃபிங் (மெருகேற்றும்) இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்துங்கள். விளிம்புகளில் பூச்சு விரைவில் தேய்ந்துபோகும். அங்கே கையால் தேய்ப்பதே நல்லது. இறுதியில் மெழுகு பூசாவிட்டால் பளபளப்பு நெடுநாள் நிற்காது.