ஈரலிப்பான சுவரில் பழைய படத்தை மாட்டுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். நுவரெலியாவின் மார்கழிக் குளிரில் வீட்டுக்குள் இருக்கும் நாட்களில், கொழுந்துக் கூடையுடன் அப்பாயி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சட்டம் போட விரும்புகிறேன். அது ஈரலிப்பில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில் 1:
தம்பி, அமிலமற்ற மட்டையின் நடுப்பகுதியைச் சன்னல்போல வெட்டி, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் வையுங்கள். கண்ணாடியின் உட்புறம் வியர்த்தாலும் படத்தில் படாது. படத்தைப் பசையால் ஒட்ட வேண்டாம். அப்பாயியின் படம் அது ஒன்றுதான் என்றால், பிரதி எடுத்து அதையே மாட்டுங்கள், மூலப்படத்தைக் காய்ந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள் என்றே வற்புறுத்திச் சொல்வேன்.

பதில் 2:
அண்ணன் சொல்வது சரி. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்றோட்டம் இருக்கும். அடுப்படிச் சுவர் காய்ந்திருந்தாலும் புகை படியும்.