புதுப்பிப்பு: ஐபி போனில் குரல் உடையும் சிக்கல் தீர்ந்தது

மாலையில் பேக்கப் தொடங்கியதும் அலுவலக ஐபி போன்களில் குரல் உடைகிறது, நெட்வொர்க் சுவிட்சில் கியூஓஎஸ் (முக்கியமான தரவுக்கு முன்னுரிமை தரும் வசதி) இயக்கியும் பயனில்லை என்று கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

போர்ட் டிரஸ்ட், அதாவது ஒரு போர்ட்டில் வரும் முன்னுரிமைக் குறியை சுவிட்ச் நம்புவதா என்ற அமைப்பைப் பார்க்கச் சொன்னவரின் கணிப்புதான் சரி. போன்கள் குரல் பாக்கெட்டுகளில் (தரவுத் துண்டுகளில்) டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியை இட்டே அனுப்புகின்றன. ஆனால் கியூஓஎஸ் இயக்கியதும் எங்கள் சுவிட்ச் எந்தப் போர்ட்டையும் நம்பாமல் அதை 0 ஆக்கிவிடுகிறது. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தால் போன் பக்கம் 46, அடுத்த சுவிட்சுக்குப் போகும் அப்லிங்கில் 0. நான் வெட்டிய குழியில் நானே விழுந்திருக்கிறேன்! போன் போர்ட்டுகளிலும் அப்லிங்கின் இரு முனைகளிலும் டிரஸ்ட் கொடுத்து, குரலை முன்னுரிமை வரிசையில் வைத்ததும் தெளிவாகக் கேட்கிறது.

எதிர்பாராதது ஒன்று: பேக்கப் மந்தமானது. பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகமான பஃபர் நான்கு வரிசைகளுக்குப் பிரிந்ததில் பேக்கப்பின் பாக்கெட்டுகள் கைவிடப்பட்டிருக்கின்றன. பேக்கப் போகும் வரிசைக்குப் பஃபர் பங்கைக் கூட்டியதும் வேகம் திரும்பிவிட்டது.