ஹீரோகிளிக்ஸ்: பிராப், பெர்ப்ளெக்ஸ், அவுட்விட் மூன்றும் சேர்ந்து சின்னவனை ஆடவே விடுவதில்லை. வீட்டு விதி சொல்லுங்கள்

யீஷூன் மாமா எழுதியது:

வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் ஹீரோகிளிக்ஸ் ஆடுகிறோம் (காமிக்ஸ் வீரர் பொம்மைகளைக் களத்தில் நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையிடும் ஆட்டம்; அடித்தட்டிலுள்ள டயல் பொம்மையின் எண்களையும் சக்திகளையும் காட்டும், அடி வாங்கினால் அதைத் திருப்புவோம்). நான், அக்கா மகன்கள் இருவர் (பெரியவன் உயர்நிலை இரண்டு, சின்னவன் தொடக்கநிலை ஐந்து), பக்கத்து புளோக்கிலிருந்து வரும் நண்பர். ஆளுக்கு 300 புள்ளி அணி. டயலின் நிறக் கட்டம் எந்தச் சக்தி என்று சொல்லும் பழைய சக்தி அட்டையை வைத்துத்தான் ஆடுகிறோம்.

பெரியவன் விலை குறைந்த துணைப் பொம்மைகளாகப் பார்த்து எடுப்பான். பிராபபிலிட்டி கன்ட்ரோல் (சுருக்கமாக பிராப், விழுந்த பகடையைத் திருப்பிப் போட வைப்பது) இரண்டு, பெர்ப்ளெக்ஸ் (ஒரு பொம்மையின் ஓர் எண்ணில் ஒன்றைக் கூட்டுவது அல்லது குறைப்பது) இரண்டு, அவுட்விட் (எதிரியின் ஒரு சக்தியை நிறுத்துவது) ஒன்று, அடிப்பதற்கு ஒரே ஓர் ஆள். சின்னவனுக்குப் பிடித்தது 200 புள்ளிக்கு மேல் உள்ள பெரிய வீரன். அந்த வீரனின் இம்பெர்வியஸ் (அடியின் சேதத்தைக் குறைக்கும் சக்தி) முதல் சுற்றிலேயே அவுட்விட்டில் போய்விடும். போன வாரம் சின்னவனுக்கு அடிக்க இரண்டு பகடையில் 7 தேவை, 11 போட்டான். துள்ளிக் குதித்துவிட்டு டயலைத் திருப்பக் கை நீட்டினான். அண்ணன் "பிராப், திரும்பப் போடு" என்றான். விழுந்தது 4. பகடையை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

பெரியவன் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் இப்படியே போனால் சின்னவன் இந்த ஆட்டத்தையே விட்டுவிடுவான். இந்தச் சக்திகளை எப்படிக் கட்டுப்படுத்துவது? தடை செய்ய எனக்கு மனமில்லை.

இன்னொன்று. கரோசல் என்ற இணையச் சந்தையில் வாங்கிய பழைய பொம்மைகள் சிலவற்றின் டயலில் வெள்ளைக் கட்டம் வருகிறது, அட்டை இல்லை. அதை என்ன செய்வது?

தோ பாயோ டயல் எழுதியது:

தடை செய்யாதீர்கள் தம்பி, நல்ல முடிவு. சக்தியின் வாசகத்தையும் மாற்றாதீர்கள். "இனிமேல் பிராப் 9-க்கு மேல் விழுந்ததைத் தொடாது" என்பது போல ஆரம்பித்தால் ஒவ்வொரு சக்திக்கும் ஒரு திருத்தம் வந்து, கடைசியில் உங்கள் வீட்டில் மட்டும் ஆடக்கூடிய ஆட்டமாகிவிடும். பிள்ளைகள் வெளியே போய் ஆடும்போது திண்டாடுவார்கள். கட்டுப்படுத்த வேண்டியது இந்தச் சக்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். தாக்கு எண் 10, எதிரியின் காப்பு 17 என்றால் 7 வேண்டும். இரண்டு பகடையில் 7 அல்லது மேல் விழ 36-க்கு 21, அதாவது 58 சதவீதம். தவறினால் ஒரு முறை திருப்பிப் போடலாம் என்றால் அது 83 ஆகிறது. பிராப் இல்லாமல் ஒரு பெர்ப்ளெக்ஸால் தாக்கைக் கூட்டி இன்னொன்றால் காப்பைக் குறைத்தால் 5 போதும். அதுவும் 36-க்கு 30, அதே 83. ஆக, இரண்டு பெர்ப்ளெக்ஸும் ஒரு பிராப்பும் கிட்டத்தட்ட ஒரே எடை. பெரியவன் அணியில் அத்தனையும் இருக்கின்றன.

சின்னவன் பக்கம் பாருங்கள். அவனுக்குக் கிடைத்த அடியை எதிராளி ஒரு முறை திருப்பிப் போட வைத்தால், 58 சதவீதம் 34 ஆகிவிடுகிறது. ஆனால் அவனை எழுந்து போக வைத்தது இந்த எண் இல்லை என்று நினைக்கிறேன். பெர்ப்ளெக்ஸ் பகடை உருட்டுவதற்கு முன்னால் வருகிறது, அடி கடினம் என்று தெரிந்துதான் போடுகிறோம். பிராப் வருவதோ கைக்கு வந்த பிறகு. பத்து வயதுப் பிள்ளைக்கு அது பிடுங்கிக்கொண்ட மாதிரி.

அதனால் எங்கள் மேசையில் வைத்திருக்கும் விதி: ஒரு பகடை வீச்சை, யார் கேட்டாலும், ஒரு முறைதான் திருப்பிப் போடலாம். இரண்டாவதாக விழுந்தது நிற்கும். பிராப் மேல் பிராப் கிடையாது.

பொங்கோல் சிப்பாய் எழுதியது:

அக்கா சொன்ன விதி நல்லதுதான். ஆனால் மாமாவின் பிரச்சினைக்கு அது பத்தாது, ஏனென்றால் அங்கே திருப்பிப் போட்டதே ஒரு முறைதான். நான் இப்போது தேசிய சேவையில் இருக்கிறேன், கேம்பிலிருந்து வெளியே வரும் வார இறுதிகளில் நண்பர்களோடு ஆடுவேன். எங்கள் விதி அணி கட்டும்போதே ஆரம்பிக்கிறது: இந்த மூன்று சக்தியில் ஏதாவது ஒன்று உள்ள பொம்மைகள் அணிக்கு மொத்தம் இரண்டுதான். எந்த இரண்டு என்பது அவரவர் விருப்பம். டயலில் முதல் கிளிக்கில் (ஆட்டம் தொடங்கும் நிலையில்) தெரிவதை மட்டும் கணக்கில் எடுப்போம், பின்னால் வருவதை விட்டுவிடுவோம். இல்லையென்றால் ஒவ்வொரு டயலையும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், அவுட்விட்டுக்கு வீட்டு விதியே வேண்டாம், தம்பிக்குக் களத்தைச் சொல்லிக் கொடுங்கள். அவுட்விட் வேலை செய்ய பார்வைக் கோடு வேண்டும். சின்னவன் வீரனை நட்ட நடுவில் நிறுத்தினால் போகத்தான் செய்யும். சுவருக்குப் பின்னால் நிறுத்தி, அடிக்கும் சுற்றில் மட்டும் வெளியே வரட்டும். ஸ்டெல்த் உள்ள பொம்மை புதர் போன்ற மறைப்புக் கட்டத்தில் நின்றால் தூரத்திலிருந்து பார்வைக் கோடே விழாது, அவுட்விட்டாலும் தொட முடியாது. 300 புள்ளிக்குச் சுற்றுக்கு மூன்று செயல்தானே. பெரியவனின் துணைப் பொம்மைகள் ஒளிந்தவனைத் தேடி நகர ஆரம்பித்தால் அடிக்கிறவனுக்குச் செயல் மிஞ்சாது.

தோ பாயோ டயல் எழுதியது:

அணிக்கு இரண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் விதியோடு சேர்த்தே வையுங்கள்.

உட்லண்ட்ஸ் சேகரிப்பாளர் எழுதியது:

வெள்ளைக் கட்டத்துக்கு நான் சொல்கிறேன். 2002-இல் விஸ்கிட்ஸ் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது வெள்ளைக் கட்டச் சக்தி கிடையாது. நிறத்தைப் பார்த்து, பொதுச் சக்தி அட்டையில் ஒப்பிட்டால் போதும். 2007-இல்தான் தனிச்சக்தியும் அதற்கான தனி அட்டையும் வந்தன. எனவே வெள்ளைக் கட்டத்தில் இருப்பது அந்தப் பொம்மைக்கு மட்டும் உரியது, ஊகிக்கவே முடியாது.

அட்டை தொலைந்தால் கவலை வேண்டாம். பொம்மையின் அடித்தட்டில் தொகுப்பின் குறியும் எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த இரண்டையும் பெயரோடு போட்டு இணையத்தில் தேடுங்கள், அட்டையின் வாசகம் கிடைக்கும். நான் தாளில் அச்சிட்டு, சீட்டு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கிடைக்கும்வரை அந்தப் பொம்மையை எடுக்காமல் இருப்பதே நியாயம். கட்டத்தை வெறுமையாக வைத்து ஆடினால், புள்ளி கொடுத்து வாங்கிய சக்தி வீணாகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். அவுட்விட் தனிச்சக்தியைத் தொட்டால் அதில் எழுதியிருக்கும் அத்தனையும் போகும், பாதி நிற்காது. ஆனால் அட்டையில் நட்சத்திரக் குறியோடு இருக்கும் ட்ரெய்ட் (அந்தப் பொம்மைக்கு எப்போதும் உள்ள சிறப்பு) டயலில் இல்லை, அதை அவுட்விட்டால் தொட முடியாது. சின்னவனுக்கு ட்ரெய்ட் உள்ள பெரிய வீரன் ஒருவனைத் தேடிக் கொடுங்கள். வீட்டு விதி எதுவும் தேவைப்படாமலே பாதிச் சண்டை தீரும்.

யீஷூன் மாமா எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இந்தச் சனிக்கிழமை இரண்டு விதியையும் வைத்து ஆடினோம். முதலிலேயே தாளில் எழுதி, பெரியவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கியது, ஆனால் ஒரு பிராப், ஓர் அவுட்விட் என்று எடுத்துவிட்டு, மிச்சப் புள்ளிக்கு அடிக்கிறவர்களை இறக்கினான். ஆட்டம் எங்கும் நிற்கவில்லை. சின்னவன் வீரனைச் சுவர் ஓரமாகவே நகர்த்திக்கொண்டு வந்தான்!

ஒரே ஒரு தகராறு. சின்னவனின் இன்னொரு பொம்மைக்கு சூப்பர் சென்சஸ். 6 விழுந்து தப்பித்தது. பெரியவன் அதற்கும் பிராப் கேட்டான். அந்த நேரத்துக்கு நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிரந்தரமாக எப்படி வைப்பது?

பொங்கோல் சிப்பாய் எழுதியது:

எல்லா வீச்சுக்கும் விட்டால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே மாமா? சின்னவனும் தன் பிராப்பை அங்கே பயன்படுத்தலாமே.

தோ பாயோ டயல் எழுதியது:

ஒரே மாதிரி இல்லை தம்பி. சூப்பர் சென்சஸ் ஒரு பகடைதான், 5 அல்லது 6 விழுந்தால் தப்பிக்கலாம், மூன்றில் ஒரு வாய்ப்பு. எதிராளி அதைத் திருப்பிப் போட வைத்தால் ஒன்பதில் ஒன்று. அந்தச் சக்திக்குப் புள்ளி கொடுத்தவனுக்கு ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. மாமா சொன்னதையே நிரந்தரமாக வையுங்கள்: பிராப் தாக்குதல் வீச்சுக்கு மட்டும். இரண்டு பக்கத்துக்கும் இது பொருந்தும், எனவே சின்னவனும் தன் சூப்பர் சென்சஸைத் திருப்பிப் போட முடியாது. அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் தெரிந்தால் மறுபடி எழுந்து போவான்.

யீஷூன் மாமா எழுதியது:

சரி அக்கா, தாளில் மூன்றாவதாக எழுதிவிட்டேன். அட்டைகளும் இரண்டைத் தவிர எல்லாம் கிடைத்துவிட்டன. அந்த இரண்டில் அடித்தட்டு எண் தேய்ந்திருக்கிறது, படம் போடுகிறேன், சேகரிப்பாளர் அண்ணன் பார்த்துச் சொல்லுங்கள்.