39 ஷில்லிங் தீர்ப்பு: தூக்குக்கயிறு இங்கிலாந்தில் திருட்டைத் தடுத்ததா?

தென்காசிக்காரன்: 1800 வாக்கில் இங்கிலாந்தில் தூக்குக்குரிய குற்றங்கள் சுமார் 200. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் லண்டன் முழுமைக்குமான போலீஸ் படை அன்று கிடையாது. முறைவைத்து வரும் கான்ஸ்டபிள், இரவில் விளக்கோடு சுற்றும் காவலாள், அவ்வளவுதான். திருடன் அகப்படுவதே அபூர்வம். அகப்பட்டவனை வைத்து ஊரை மிரட்டுவதைத் தவிர வேறு என்ன வழி இருந்தது?

நிலாவாசகி: அந்த மிரட்டல் பலித்ததா என்பதுதானே கேள்வி? 1713 சட்டப்படி, வீடு புகுந்து 40 ஷில்லிங் (அன்றைய ஆங்கிலேய நாணயம்) பெறுமானமுள்ள பொருளை எடுத்தால் தூக்கு. ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொருளின் மதிப்பு அதற்கு மேலே இருந்தாலும் "39 ஷில்லிங்" என்று தீர்ப்பு சொன்னார்கள். ஓர் உயிருக்காக விலையைக் குறைத்தார்கள். பிளாக்ஸ்டன் என்ற சட்ட அறிஞரே இதைப் புண்ணியப் பொய்ச் சத்தியம் என்ற பொருளில் குறிப்பிட்டிருக்கிறார். அதைவிட முக்கியமானது 1830-ல் நடந்தது. கள்ளக் கையெழுத்துக்கான தூக்கை எடுத்துவிடுங்கள் என்று வங்கி முதலாளிகளே நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். தூக்கு இருக்கிற வரை ஜூரி யாரையும் குற்றவாளி என்று சொல்லத் தயங்குகிறது, எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பில்லை என்பது அவர்கள் வாதம். பணத்தைப் பறிகொடுத்தவர்களே கயிறு உதவவில்லை என்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தென்காசிக்காரன்: சரி, வங்கி விஷயம் எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தீர்ப்பு வாங்கிய எல்லோரும் தொங்கவில்லையே அம்மா. பலருக்குத் தண்டனையை மாற்றிக் கப்பலேற்றினார்கள். முதலில் அமெரிக்காவுக்கு, 1787 முதல் ஆஸ்திரேலியாவுக்கு. கருணைக்கும் இடம் இருந்தது.

காட்டுமல்லி: அந்தக் கருணை யாருக்குக் கிடைத்தது அண்ணே? பரிந்து பேசப் பெரிய மனிதர் இருந்தவனுக்கு. 1723 கறுப்புச் சட்டத்தைப் பாருங்கள். முகத்தில் கரி பூசி ஆயுதத்தோடு மான் காட்டுக்குள் நுழைந்தால் தூக்கு. மீன் குளத்தின் கரையை உடைத்தாலும் தூக்கு. அந்தக் காடும் குளமும் யாருடையவை? நூறு வருஷம் இது சட்டமாக இருந்தது. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

நிலாவாசகி: உண்மையான மாற்றம் 1829-ல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டனுக்குக் கொண்டுவந்த போலீஸ்தான். ராணுவம் என்று யாரும் நினைக்கக் கூடாதென்று சிவப்பைத் தவிர்த்து நீல உடுப்பு கொடுத்தார்கள். பிடிபடுவோம் என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தென்காசிக்காரன்: அந்தப் போலீஸை மக்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். 1833-ல் லண்டனில் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் கூடிய அரசியல் கூட்டத்தைக் கலைக்கப் போன ஒரு கான்ஸ்டபிளைக் குத்திக் கொன்றார்கள். மரண விசாரணை ஜூரி அதை நியாயமான கொலை என்றது. பிறகு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது வேறு கதை. 39 ஷில்லிங் சொன்ன ஜூரியைப் புகழ்கிறீர்களே, இந்த ஜூரியை என்ன சொல்வீர்கள்?

காட்டுமல்லி: கலைந்து போகச் சொல்லி முறைப்படி எச்சரிக்காமல் போலீஸ் தடியோடு பாய்ந்தது என்று அதே ஜூரி காரணமும் சொன்னது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?