ஜேன் அயர் படிக்காதவங்களோட ‘தி அயர் அஃபேர்’ வாசிக்கிறது எப்படிங்க?

நொய்யல்கரை:
கோவையில மாசம் ஒருக்கா கூடுற எங்க வாசகர் வட்டத்துக்கு அடுத்த நாவல் ஜாஸ்பர் ஃபோர்ட் எழுதின ‘தி அயர் அஃபேர்’ (2001)னு முடிவாயிருக்குதுங்க. ஷார்லட் பிராண்டியோட ‘ஜேன் அயர்’ (1847) நாவலுக்குள்ள ஆள் புகுந்து கதாநாயகியைக் கடத்திட்டுப் போற கதை. வட்டத்துல பாதிப் பேருக்கு மூலநூல் பழக்கமில்லைங்க. முழுசாப் படிச்சே ஆகோணுமா, சில அத்தியாயம் போதுமா? இந்த வகை நாவல்ல அப்படி என்ன ருசின்னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது? இன்னொண்ணு, தமிழ் நூல் ஒண்ணை வெச்சு இதே மாதிரி எழுதிப் பாக்கலாம்னு ஆசை. பொன்னர் சங்கரோட அண்ணன்மார் கதையை எடுக்கலாம்னு ஒருத்தர் சொல்றாருங்க.

சென்னிமலைத்தறி:
மூலநூல்ல 38 அத்தியாயம் இருக்குதுங்க. நேரமில்லாதவங்க 11, 12, 15, 20, 25, 26, 27 படிச்சுட்டு, அப்புறம் 34 முதல் 38 வரைக்கும் தொடர்ச்சியாப் படிச்சாப் போதும். 11-ல ஜேன் தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு வந்து சேர்றா. 12-ல பனி உறைஞ்ச பாதையில அந்த மாளிகைக்காரர் ராச்செஸ்டரோட குதிரை வழுக்கி விழுகுது. 26-ல அவங்க ரெண்டு பேர் கல்யாணமும் நின்னு போகுது. இந்த மூணும் தெரியாம ஃபோர்ட்டைத் தொட வேண்டாம்.

35-ஐ மட்டும் நிதானமாப் படிக்கச் சொல்லுங்க. எங்கேயோ தொலைவுல இருக்கற ராச்செஸ்டர் தன்னைக் கூப்பிடற குரல் ஜேனுக்குக் கேக்குது. அது எப்படி வந்துச்சுன்னு பிராண்டி விளக்கவே இல்லை. அந்த இடத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சுட்டு ஃபோர்ட்டைத் திறக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல சொன்னா நாவலோட ரசம் போயிரும்.

கதைச்சுருக்கம் படிச்சா ஆகாதான்னு கட்டாயம் கேப்பாங்க. நிகழ்ச்சி தெரியும், ஆனா ஜேனோட குரல் காதுல ஏறாது. ஃபோர்ட் நாவலுக்கு அந்தக் குரல்தான் முக்கியம். ஏன்னு அடுத்து எழுதறவங்க சொல்லட்டும்.

காலிங்கராயன்பாசனம்:
சொல்றனுங்க. ஜேன் அயர் தன்மை இடத்துல சொல்லப்படற கதை. அவளைக் கடத்திட்டா சொல்ல ஆள் இல்லை, பக்கம் பாதியில நின்னு போகுது. கடத்தினது மூலக் கையெழுத்துப் பிரதியிலிருந்துங்கறதால உலகத்துல இருக்கற எல்லாப் பிரதியிலயும் அப்படியே ஆகுது. அவளைத் தேடி உள்ள போற துப்பறியும் பெண்ணுக்கும் இதே சட்டந்தான். ஜேன் கண்ணுல பட்டா ஜேன் அதையும் சொல்லிருவா, புத்தகத்துல ஏறிரும். அதனால ஜேன் வர்றப்பெல்லாம் ஒளிஞ்சே நிக்கோணும். பாருங்க, இலக்கணத்துல தன்மை ஒருமைன்னு நாம படிச்ச ஒண்ணு இங்கே துரத்தல் காட்சிக்கு விதியாகிப் போச்சு. சிரிப்பும் பரபரப்பும் ஒரே இடத்துலிருந்து வருதுங்க.

கிண்டல் பண்றது வேற, இது வேற. கிண்டலுக்கு மூலநூலை மேலோட்டமாத் தெரிஞ்சாப் போதும். இதுக்கு வரி வரியாத் தெரிஞ்சிருக்கோணும். ஃபோர்ட் தேடறது மூலநூல்ல விட்டுப்போன சந்துகளை. ரெண்டாவது நாவல் ‘லாஸ்ட் இன் எ குட் புக்’ல (2002) டிக்கன்ஸோட ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவல்ல வர்ற மிஸ் ஹாவிஷம் வர்றாங்க. மூலத்துல அவங்க வராத அத்தியாயங்கள்ல அவங்களுக்கு என்ன வேலைங்கறதும் அங்கே கதையில ஒரு பகுதி. டெரி பிராட்செட் ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ல (1988) ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகத்தைச் சூனியக்காரிங்க பக்கமிருந்து திருப்பிப் பாக்கறார். அதிகாரத்துல இருக்கறவன் காசு குடுத்து நாடகம் எழுதச் சொன்னா வரலாறு எப்படிப் புரளும்னு காட்டறப்ப, சிரிச்ச வாய் மூடிக்குது.

இதெல்லாம் புதுசுன்னு யாராவது சொன்னா செர்வாண்டஸைக் காட்டுங்க. ‘டான் குவிக்சாட்’ முதல் பாகம் 1605, ரெண்டாம் பாகம் 1615. நடுவுல 1614-ல வேற ஒருத்தர் போலியா ஒரு ரெண்டாம் பாகம் போட்டுட்டார். உண்மையான ரெண்டாம் பாகத்துல வர்ற பாத்திரங்கள் முதல் பாகத்தையும் படிச்சிருக்காங்க, போலியையும் கண்டிக்கறாங்க. நானூறு வருசத்துக்கு முந்தின சங்கதிங்க.

மேட்டுப்புதூர்:
தமிழ் நூலுக்கு வர்றேன். அண்ணன்மார் கதை வேண்டாமுங்க. நம்ம ஊர்கள்ல அது உடுக்கை அடிச்சுப் பாடி, படுகளம் விழுந்து (கதையில செத்தவங்க மாதிரிச் சாய்ஞ்சு), தீர்த்தம் தெளிச்சு எழுப்பற வழிபாடு. கும்பிடறவங்க நடுவுல வெச்சு வேடிக்கைக் கதை பண்றது முறையில்லை. ஆனா கேக்கறவங்க கதைக்குள்ளயே போய் விழுந்து எந்திரிக்கற சங்கதி அங்கே இருக்குது, அதைக் கவனிச்சுப் பாருங்க.

எனக்கு நளன் தமயந்தி கதையைச் சொல்ற நளவெண்பாதான் சரின்னு படுது. நானூத்திச் சொச்சம் வெண்பா, மூணு காண்டம், உரையோட ஒரு மாசத்துல முடிச்சிரலாம். விதிகளும் தயாரா இருக்குது. சுயம்வரத்துல நாலு தேவர்கள் நளன் வேசத்துல உக்காந்திருக்காங்க. கண் இமைக்குதா, கால் தரையில படுதா, மாலை வாடுதான்னு பாத்துத் தமயந்தி கண்டுபிடிக்கறா. உங்க கதையில உள்ளே நுழையறவனுக்கும் இந்த மூணு சோதனையையும் வையுங்க. அவனும் இமைப்பான், அவன் மாலையும் வாடும், அப்ப மண்டபத்துல ரெண்டு மனுசன்! சிக்கல் அங்கேயே பிறந்திருச்சுங்க.

நளனைக் கெடுக்க நினைக்கற கலி பன்னிரண்டு வருசம் காத்திருந்து, கால் கழுவறப்ப நனையாத ஒரு இடம் பாத்து நளனுக்குள்ள புகுறான். அந்தப் பன்னிரண்டு வருசம் அவன் எங்கே தங்கினான், எதைத் தின்னான்? நளனுக்காகத் தமயந்திகிட்டத் தூது போன அன்னம் அப்புறம் என்ன பண்ணுச்சு? சந்து இங்கெல்லாம் இருக்குது.

உள்ளூர் நூல்தான் வேணும்னா விஜயமங்கலத்துக் கொங்குவேளிர் எழுதின, உதயணன் கதையைச் சொல்ற பெருங்கதை. உ.வே.சா. 1924-ல பதிப்பிச்சது. முதலும் கடைசியும் கிடைக்கலை. புகுந்தவனுக்கு வாசலும் தெரியாது, வெளியேற வழியும் தெரியாதுங்கற கதைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நடை கடினம், அதனால ரெண்டாவது முயற்சிக்கு வெச்சுக்குங்க.

எழுதறப்ப எங்கே சறுக்கும்னா, தமயந்தி கையில செல்போன் குடுக்கறதுல. அந்தச் சிரிப்பு ஒரு பக்கம் தாங்காது. நுழையற வழி ஒண்ணே ஒண்ணு வையுங்க. உள்ளே எதை மாத்தலாம், மாத்தினா வெளியே என்ன ஆகும்னு அரைப் பக்கத்துல எழுதிட்டுத்தான் கதையை ஆரம்பிக்கோணும். நடுவுல வசதிக்காக அந்த விதியை மீறினீங்கன்னா அதோட பரபரப்பு செத்துப் போகும். எல்லாரும் செய்யுள் நடையில பேச வேண்டாம். நளன் மட்டும் வெண்பாவுல பேசட்டும், வந்தவன் நம்ம பேச்சுல பதில் சொல்லட்டும். முடிச்சதும் நளவெண்பா படிக்காத ஒருத்தர்கிட்டக் குடுத்து, சிரிச்ச இடத்துலயெல்லாம் பென்சில்ல கோடு போடச் சொல்லுங்க. பாதி இடத்துலயாவது கோடு விழலைன்னா மூலத்தை நம்பி மட்டும் எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. நளவெண்பாவே எடுத்துக்கறோம். ஃபோர்ட்டைக் கிண்டில்ல படிக்கலாமுங்களா?

சென்னிமலைத்தறி:
முதல் நாவலைத் தாராளமாப் படிக்கலாம். ரெண்டாவதிலிருந்து அச்சுப் புத்தகம் வாங்குங்க. அதுல பாத்திரங்கள் அடிக்குறிப்பு வழியாத்தான் டெலிபோன் மாதிரி பேசிக்கறாங்க. பேச்சு பக்கத்தோட அடியில ஓடோணும். மின்னூல்ல அது பெரும்பாலும் அத்தியாயக் கடைசிக்கோ தனிச் சன்னலுக்கோ போயிருது, ஒரே நேரத்துல மேலயும் கீழயும் படிக்கற சுகம் கிடைக்காதுங்க.